விசுவமடுவில் வைஃபை வர ஒன்பது நாள்

விசுவமடுவில் எனக்கு ஒரு சின்னக் கொமினிக்கேசன் கடை. போட்டோப்பிரதி, லமினேற்றிங், ரீலோட், தமிழ் ரைப்பிங் எல்லாம் ஒரே அறைக்குள். கடையின் மூளை ஒரு பழைய லப்டொப். 2014 ஆம் ஆண்டுச் சாமான், 4 ஜிபி ராம், பற்றரி செத்து இரண்டு வருடம். வயரைக் கழற்றினால் அந்த நொடியே அணைந்துவிடும். அதை லப்டொப் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான்.

அதில் விண்டோஸ் 10 இருந்தது. காலையில் கடை திறந்து, ஆளை அழுத்திவிட்டு, வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, சனம் கொண்டுவருகிற பென்டிரைவ்களில் இருக்கிற வைரஸ். ஒருவருடைய பென்டிரைவில் தொற்றியது அடுத்தவருடையதுக்கும் போய், கோப்புறை எல்லாம் சோட்கட்டாக மாறிவிடும். பழி கடைக்காரனுக்கு. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிகிறது, 11 இந்த மெசினில் ஏறாது என்று தெரிந்தபோது, ஆவணி மாதமே முடிவெடுத்தேன்: விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ்.

எனக்கு அந்தத் துணிவு தந்தது எங்கள் ஆட்கள். கிளிநொச்சியைச் சுற்றி லினக்ஸ் பாவிக்கிற கொஞ்சப் பேர் இருக்கிறோம். தலைவர், செயலாளர், பொருளாளர் கிடையாது. வன்னியில் இந்த மூன்றும் இல்லாமல் நாலு பேர் கூடுவதே புதினம். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் வசதிப்பட்டவர்கள் கிளிநொச்சி டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்திப்போம். மிச்ச நாளெல்லாம் வட்ஸ்அப். அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பரந்தன் தம்பி ஒருவர், மல்லாவியில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ரீச்சர், வவுனியாவில் பென்சன் எடுத்து வீட்டில் இருக்கிற ஐயா ஒருவர், இன்னும் சிலர். கதையில் பாதி நெல் விலையும் மழையும்தான். இடையிடையே லினக்ஸ்.

பரந்தன் தம்பி லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22.1 ஐ, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை, பென்டிரைவில் போட்டுத் தந்தார். ஏறக்குறைய 3 ஜிபி. போன் டேட்டாவில் இறக்க வேண்டியிருந்தால் அந்தக் கிழமை ரீலோட் காசு முழுக்க அதற்கே போயிருக்கும். “அண்ணை, முதல்ல விண்டோஸில ஃபாஸ்ட் ஸ்டாட்டப்பை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி விண்டோஸ் முழுசா அணையாது, டிஸ்கில அதுக்கு ஒதுக்கின பார்ட்டிசனுக்குள்ள லினக்ஸால எழுத ஏலாது” என்றார். நிப்பாட்டினேன். விண்டோஸை முற்றாக அழிக்க மனம் வரவில்லை. 100 ஜிபி வெட்டி மின்டுக்குக் கொடுத்தேன். பதிய அரைமணி நேரமும் எடுக்கவில்லை. மொழியைத் தமிழில் எடுத்துவிட்டு அன்று பின்னேரமே ஆங்கிலத்துக்கு மாற்றினேன். தமிழ் மெனு வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் போனில் உதவி சொல்கிறவர் ‘செற்றிங்ஸுக்குப் போங்கோ’ என்றால், எந்தச் சொல்லைத் தேடுவது என்று நான் முழிக்க வேண்டியிருந்தது.

எல்லாம் வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் கடவுச்சொல் தந்திருக்கிற அந்த ஒரு வைஃபைதான் என் தொழில்.

வட்ஸ்அப்பில் எழுதினேன்: “வைஃபை வேலை செய்யுதில்லை.” அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் ஐந்து வைத்தியம் வந்தது. விசைப்பலகையில் விமான அடையாளம் போட்ட பொத்தானை அழுத்திப் பார். றவுட்டரை அணைத்துப் போடு. லினக்ஸின் கருவான கேர்னலை மாற்று. யூஎஸ்பி வைஃபை குச்சி ஒன்றை வாங்கு, கரைச்சல் முடிந்தது. முள்ளியவளையில் இருந்து ஒருவர், தன்னுடைய லப்டொப்பில் வைஃபை நன்றாக வேலை செய்கிறது என்று எழுதினார்.

வவுனியா ஐயாதான் சத்தம் போட்டார். “தம்பி, வருத்தக்காரன் வந்து ‘எனக்குச் சரியில்லை’ எண்டு மட்டும் சொன்னா டொக்டர் என்ன செய்யிறது? உள்ள இருக்கிறது என்ன சிப் எண்டு முதல் பார்.” அதைப் பார்க்கிற கட்டளையையும் அனுப்பினார். நான் வந்த பதிலைப் போனால் படம் எடுத்துப் போட்டேன். பின்னால் ரியூப் லைட் வெளிச்சம், திரையில் என் முகம், எழுத்துச் சரிந்துபோய். “போட்டோ வேண்டாம் ராசா. எழுத்தை அப்பிடியே கொப்பி பண்ணிப் போடு” என்றார். இணையமே இல்லாத மெசினில் இருந்து எப்படி கொப்பி பண்ணிப் போடுவது?

அங்கேதான் ரீச்சர் கைகொடுத்தார். போனை யூஎஸ்பி வயரால் லப்டொப்பில் கொழுவி, போனின் இணையத்தை லப்டொப்புக்குக் கொடுக்கிற யூஎஸ்பி டெதரிங்கைப் போடச் சொன்னார். லினக்ஸ் அதை ஒரு சாதாரண வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், சாதனத்தை இயக்கத் தனியாக டிரைவர் என்ற மென்பொருள் ஒன்றும் தேவையில்லை. போட்டவுடன் இணையம் வந்தது. இதை மட்டும் எல்லாரும் தெரிந்து வைத்திருங்கள். வைஃபை வராத மெசினுக்கு வைஃபை டிரைவரை இறக்க இதைவிடச் சுகமான வழி எனக்குத் தெரியாது.

சிப்பைப் பார்த்ததும் தம்பி கண்டுபிடித்துவிட்டார். அந்த வகைச் சிப்புக்கு அதைச் செய்த கொம்பனி மூலநிரலைத் திறந்து கொடுக்கவில்லை. அதனால் டிரைவர் மின்டோடு தானாகச் சேர்ந்து வராது. டிரைவர் மனேஜருக்குள் போய் நாங்கள்தான் தெரிவுசெய்ய வேண்டும். தெரிவுசெய்தேன். அது இறங்கி, என் மெசினுக்குள்ளேயே அதற்குரிய பகுதியைக் கட்டியெழுப்பியது. நடுவில் ஒரு பெட்டி வந்து ஏதோ கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் கேட்டால் கொடுத்துப் பழகின ஆள் நான். ஒன்றை அடித்துவிட்டு, ரீஸ்ராட் பண்ணினேன்.

அப்போது ஒரு நீலத் திரை வந்தது. மேலே ஆங்கிலத்தில் ஏதோ. கீழே பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டு போனது. விண்டோஸில் நீலத் திரையைக் கண்டு பயந்த சீவன் எது செய்யும்? கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பூச்சியம் வந்தது, மின்ட் வழமைபோலத் திறந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்று பெருமூச்சு விட்டேன். வைஃபை வரவில்லை.

“டிரைவர் போட்டன், ரீஸ்ராட் பண்ணினன், வரேல்லை” என்று எழுதினேன். நீலத் திரையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒளிக்க வேண்டும் என்று இல்லை. ஒன்றும் செய்யாமல் தானாகப் போன ஒன்றைப் பற்றி என்னத்தை எழுதுவது?

அதற்குப் பிறகு ஆறு நாள் வீணாகப் போனது. வைஃபை பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. டிரைவரைக் கழற்றித் திரும்பப் போட்டோம், அதே கதை. ஒருவர் அனுப்பிய கட்டளையில் இரண்டு சிறு கோடு அடுத்தடுத்து வர வேண்டும். அவருடைய போன் அந்த இரண்டையும் ஒட்டி ஒரு நீளக் கோடாக்கி அனுப்பிவிட்டது. நான் அதை அப்படியே ஒட்ட, கட்டளை அடிக்கிற ரேர்மினல் என்னைத் திட்டியது. அது பிழையென்று கண்டுபிடிக்கவே ஒரு பின்னேரம் போய்விட்டது. அதிலிருந்து கட்டளைகளை வாயால் சொல்லி வொய்ஸ் அனுப்பத் தொடங்கினார்கள். “சுடோ, ஒரு இடைவெளி, பிறகு...” என்று கடைக்குள் சத்தமாகக் கேட்கும்போது, போட்டோப்பிரதி எடுக்க வந்த ஆச்சி, “ஆர் தம்பி மந்திரம் சொல்லுறது?” என்று கேட்டா.

இதற்குள் சோழகம் வேறு. அந்த நாட்களில் காற்று வீசினால் எங்காவது ஒரு கொப்பு வயரில் விழும், கரண்ட் போகும். பற்றரி இல்லாத லப்டொப் வேலை நடுவில் செத்தது. கரண்ட் வந்து போட்டால் கறுத்தத் திரை, ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குள் ஒரு சொல், ஒரு மின்னுகிற கோடு. மின்டும் இல்லை, விண்டோஸும் இல்லை என்றுதான் நினைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு ரீச்சருக்கு அழைத்தேன்.

“அண்ணை, அந்தரப்படாதேங்கோ. டிஸ்க் சாகேல்லை. எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனதால கணக்குப் புத்தகம் குழம்பிப் போச்சு, அவ்வளவுதான். எக்சிற் எண்டு அடியுங்கோ, எந்தப் பார்ட்டிசன் எண்டு அதுவே சொல்லும்.”

சொன்னது. பிறகு எஃப்எஸ்சிகே என்ற கட்டளையோடு அந்தப் பார்ட்டிசனின் பெயரை அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் ஓம் என்று தானே பதில் சொல்லிக்கொள்ள ஒரு எழுத்தையும் சேர்க்கச் சொன்னார். வரிகள் மளமளவென்று ஓடின. திரும்பப் போட, மின்ட் வந்தது. பின்னால் ரீச்சரின் வீட்டில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த நாள் முதல் வேலையாக ஒரு யூபிஎஸ் வாங்கினேன். 2004 இல் ஜெனரேற்றரில் ஓடிய ஒரு கொம்பியூட்டரில்தான் நான் ரைப்பிங் பழகியது. எண்ணெய் முடிகிற சத்தம் மாறினால் உடனே சேவ் பண்ண வேண்டும் என்று விரலுக்கே தெரியும். கரண்ட் வந்து இவ்வளவு காலத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

வைஃபைக்கு வருகிறேன். மூன்றாம் நாளே தம்பி ஒரு கட்டளை தந்து, டிரைவரைக் கையால் ஏற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஒரு வரி ஆங்கிலத்தில் வந்தது. ‘கீ’ நிராகரிக்கப்பட்டது என்ற மாதிரி. கீ என்றால் கீபோர்ட்டாக்கும் என்று நினைத்தேன். என் கீபோர்ட்டில் இரண்டு எழுத்து அழுத்துப்படாது. அந்த வெட்கத்தில் தம்பிக்கு “ஏதோ எரர் வருது” என்று மட்டும் சொல்லிவிட்டு, மச்சானிடம் ஒரு யூஎஸ்பி கீபோர்ட் இரவல் வாங்கிக் கொழுவிப் பார்த்தேன். இதை இன்று எழுதவும் கை கூசுகிறது.

எட்டாம் நாள் போயா. லப்டொப்பையும் வயரையும் பையில் போட்டு, பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனேன். தேத்தண்ணிக் கடைக்காரர் பிளக் தந்தார். தம்பி அதே கட்டளையை அடித்தார். அந்த வரி வந்தது. ஐயா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ரீஸ்ராட் பண்ணேக்க நீலத் திரை ஒண்டு வந்ததோ?”

“வந்தது... ஆனா அது தானாப் போட்டுது ஐயா.”

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி மட்டும் வடையை வாயில் வைத்தபடி சிரித்தார்.

விசயம் இதுதான். மெசினில் செக்யூர் பூட் என்ற காவல் போட்டிருந்தால், அறிந்த இலத்திரனியல் கையெழுத்து இல்லாத டிரைவரை கேர்னல் உள்ளே விடாது. மின்டின் கேர்னலுக்கு முறையான கையெழுத்து உண்டு. ஆனால் என் டிரைவர் என் மெசினிலேயே கட்டப்பட்டது. அதில் இருப்பது என் மெசினே உண்டாக்கின கையெழுத்து. நிராகரிக்கப்பட்ட ‘கீ’ இந்தக் கையெழுத்துக்குரியது, கீபோர்ட் அல்ல. ஐயா வங்கியை உதாரணம் சொன்னார். செக்கில் நீ வைத்த கையெழுத்து உன்னுடையதாகவே இருக்கட்டும், கணக்குத் திறந்தபோது மாதிரிக் கையெழுத்து கொடுக்காவிட்டால் காசு தருவார்களா? அந்த நீலத் திரைதான் மாதிரிக் கையெழுத்து வாங்குகிற கவுண்டர். என்னிடம் கேட்ட கடவுச்சொல், அங்கே வருகிறவன் நான்தான் என்று உறுதிப்படுத்த. நான் பத்து விநாடியும் பார்த்துக்கொண்டு நின்றதால் கவுண்டரை மூடிவிட்டார்கள்.

இதற்குப் பிறகும் ஒரு சண்டை. மெசினின் அடிப்படை அமைப்பான பயோசுக்குள் போய் செக்யூர் பூட்டையே அணைத்தால் ஒரு நிமிட வேலை என்றார் தம்பி. ஐயா விடவில்லை. அதே மெசினில் விண்டோஸும் இருக்கிறது. வட்டுக்குப் பிட்லொக்கர் பூட்டுப் போட்டிருந்தால், இதை மாற்றியவுடன் அது மீட்புத் திறப்பைக் கேட்கும், அது இவனிடம் இருக்காது என்றார். பார்த்தால் என் மெசினில் பிட்லொக்கர் இல்லை. ஆனாலும் நான் ஐயாவின் பக்கம். ஒரு முறை ஒழுங்காகப் பதிந்தால் கேர்னல் புதுப்பித்தாலும் அதே கையெழுத்தே போதும்.

மொக்யூட்டில் என்ற கட்டளையால் அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பதிவுக்குக் கொடுத்தோம். அது கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்டது. எண்களும் சின்ன எழுத்துகளும் மட்டும் வைக்கச் சொன்னார் ஐயா, நீலத் திரையில் அமெரிக்க விசைப்பலகை ஒழுங்குதான் இருக்கும் என்று. ரீஸ்ராட் பண்ண அதே நீலத் திரை. எண்ணத் தொடங்கியவுடன் ஒரு பொத்தானை அழுத்தினேன். இரண்டாவதாக இருந்த ‘என்றோல் மொக்’, அதாவது கையெழுத்தைப் பதி, என்பதைத் தெரிந்து, தொடர், ஓம், கடவுச்சொல், ரீபூட். தேத்தண்ணிக் கடையின் வைஃபை பட்டியலில் முதலாவதாக வந்து நின்றது. கடைக்காரர் கடவுச்சொல் தரமாட்டேன் என்றார், அது வேறு கதை. அடுத்த நாள் கடையில் இணைத்தபோதுதான் ஒன்பது நாள் முடிந்தது.

மற்றவை சுருக்கமாக. விண்டோஸில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் போய்விட்டது. லினக்ஸ் மெசின் மணிக்கூட்டில் உலக நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமென்று வாசிக்கிறது. காலை பத்தரைக்குப் போட்ட பில்லில் ஐந்து மணி. ஒரு கட்டளையில் சரி. தமிழ் ரைப்பிங்குக்கு ஐபஸ், எம்17என் என்ற இரண்டு மென்பொருளையும் போட்டால் ரெங்கநாதன் விசைப்பலகை கிடைக்கிறது. சனம் கொண்டுவருகிற பழைய கோப்பெல்லாம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வைத்த பாமினி எழுத்துருவில். எழுத்துரு இல்லாவிட்டால் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும். பாமினியைக் கொண்டுபோய் எழுத்துருக் கோப்புறையில் போட்டேன், லிப்ரே ஒஃபிஸ் ஏற்றுக்கொண்டது. எழுத்துருப் பட்டியலைத் தட்டும்போது எல்கேஎல்யுஜி என்று ஒரு சிங்கள எழுத்துரு கண்ணில் பட்டது. அது இலங்கை லினக்ஸ் பயனர் குழுவின் பெயர் என்று ரீச்சர் சொன்னார். எங்களைப் போல நாலு பேர் கூடின இடத்தின் பெயர் உலகம் முழுக்க மெசின்களுக்குள் போயிருக்கிறது.

ஸ்கானர் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. நேற்று குழுவில் கேட்டிருக்கிறேன். யூஎஸ்பி இலக்கம், வந்த பிழைச் செய்தி முழுதும், என்ன கட்டளை அடித்தேன், எத்தனை மணிக்கு அடித்தேன், எல்லாம் எழுத்தில். போன வருடம் ஒருமுறை அது மேசையில் இருந்து விழுந்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.