ஒன்பதாவது வாரம்

மார்ச் 3

இன்று முழுக்க அக்காவின் அச்சகத்தில்தான் இருந்தேன். மூன்று மாதமாக வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. "லாபமா நஷ்டமா, அதை மட்டும் சொல்லு தம்பி" என்றாள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. கையிலிருக்கும் காசு எந்த வாரம் தீரும் என்பதுதான் முதல் கேள்வி. நஷ்டத்திலும் ஒரு தொழில் கொஞ்ச காலம் ஓடும். ஏட்டில் லாபம் காட்டுகிற தொழில்கூட, சம்பள நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால் நின்றுபோகும்.

வங்கி இருப்பை ஒரு நாளின் சராசரிச் செலவால் வகுத்துப் பார்த்தேன். வரவே இல்லாமல் போனால் 19 நாள் தாங்கும். அமெரிக்காவில் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் ஆய்வு நிறுவனம் 2016-ல் சுமார் 6 லட்சம் சிறுதொழில்களின் வங்கிக் கணக்குகளை இதே மாதிரி பார்த்தது. தாங்கும் நாள்படி வரிசையாக வைத்தால், நடுவில் நிற்கும் தொழிலுக்கே 27 நாள்தான் வந்தது. அதைச் சொன்னதும் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதல். எனக்கு அந்த 19 மனதை விட்டுப் போகவில்லை.

மார்ச் 5

13 வாரத்துக்கு வரவு செலவுத் தாள் போட்டோம். வாரத்துக்கு ஒரு கட்டம்: தொடக்க இருப்பு, வருவது, போவது, மீதி. பில் போட்ட தேதியை எழுதக்கூடாது, பணம் கைக்கு வரும் தேதியைத்தான் எழுத வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். அக்கா 30 நாள் கடன் என்று கொடுத்ததெல்லாம் சராசரியாக 52 நாளில் வந்திருக்கிறது. 52 என்றே வைத்துக் கணக்குப் போட்டேன்.

ஒன்பதாவது வாரத்தில் மீதி பூஜ்யத்துக்குக் கீழே போனது. சம்பளம், கடன் தவணை, காகிதக்காரருக்குக் கொடுக்க வேண்டியது, மூன்றும் அந்த ஒரே வாரத்தில் வருகின்றன. அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இன்னும் எட்டு வாரம் இருக்குல்ல" என்றாள்.

மார்ச் 6

கிடங்கைப் பார்த்தோம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எப்போதோ வாங்கிய தடித்த அட்டை, 11 கட்டு, பிரிக்காமலே கிடக்கிறது. வேறொரு அச்சகத்துக்கு வாங்கிய விலைக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டோம். அக்காவுக்கு மனசே இல்லை. நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

மார்ச் 10

பாக்கிகளை வயதுவாரியாகப் பிரித்தோம்: 30 நாளுக்குள், 60 நாளுக்குள், 90 தாண்டியது. இருப்பதிலேயே பெரிய தொகை 94 நாளாக நிற்கிறது. "பழகின மனுஷன், எந்த முகத்தோட கேக்கிறது?" என்று அக்கா தயங்கினாள். முதலாளியிடம் வேண்டாம், கணக்குப் பார்க்கிறவரிடம் பேசு என்றேன். பேசினாள். அவர் உடனே சொல்லிவிட்டார்: "உங்க பில்லுல ஆர்டர் நம்பர் இல்லைங்க. அதான் ஓரமா வச்சிருக்கோம்."

பில் புத்தகத்தை எடுத்து நகலைப் பார்த்தோம். அக்காவின் கையெழுத்து, கூட்டல் எல்லாம் சரி. மேல் மூலையில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலி. அவர்கள் பணம் இல்லாமல் இழுத்தடிக்கவில்லை, இவளும் கேட்கவில்லை. நாலு இலக்கத்தை எழுதி அன்றைக்கே மறுபடி அனுப்பினோம்.

மார்ச் 14

நிரந்தர வாடிக்கையாளர் ஒருவர் 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறார். அக்கா சரி சொல்லும் மனநிலையில் இருந்தாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். நூறுக்கு விற்றால் காகிதம், மை, பிளேட் எல்லாம் போக 30 மிஞ்சுகிறது. தொண்ணூறுக்கு விற்றால் 20தான். பழைய மிச்சத்தைத் தொட ஒன்றரை மடங்கு வேலை வேண்டும். இந்த மந்தத்தில் அது எங்கிருந்து வரும்?

அதனால் வேறு மாதிரி பேசினோம். 10 நாளில் பணம் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி. 30 நாளில் ஒழுங்காகக் கொடுப்பவருக்கு இதைக் கொடுத்தால், 20 நாள் முன்னால் பணம் வருவதற்காக 2 சதவீதம் விடுகிறோம்; அது ஆண்டுக்கு 37 சதவீத வட்டி கட்டுவது மாதிரி. எங்களுக்கு 52 நாளில் வருவதால் சுமார் 18 ஆகிறது. அதுவும் அதிகம்தான். ஒன்பதாவது வாரத்தைத் தாண்டும்வரை மட்டும் என்று முடிவு செய்தோம். அவர் ஒத்துக்கொண்டார்.

மார்ச் 18

இன்றைக்குத்தான் ரொம்பக் கஷ்டம். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். ஒருவரை நிறுத்தினால் வாரத்துக்கு ஆறு நாள் கூலி மிச்சம். ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் ஐந்து நாள் கூலி மிச்சம். இந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காக ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 2009 மந்தத்தில் ஜெர்மனி இப்படித்தான் வேலை நேரத்தைக் குறைத்து ஆட்களைக் காப்பாற்றியது. உச்சத்தில் சுமார் 14 லட்சம் பேர் அந்த ஏற்பாட்டில் இருந்தார்கள். அங்கே குறைந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு ஈடுகட்டியது. இந்த அச்சகத்துக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. அதனால் அக்கா முதலில் தான் எடுக்கும் பணத்தை நிறுத்திக்கொண்டாள். அப்புறம்தான் அவர்களை உட்காரவைத்துத் தாளை முன்னால் விரித்தாள்.

மெஷின் ஓட்டும் பெரியவர் ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்து, "இது வரைக்குமாம்மா?" என்று கேட்டார். "அதைத் தாண்டினதும் மறுபடி பேசுவோம்ண்ணே" என்றாள். தாளைக் காட்டியது நல்லதாகப் போயிற்று. காட்டாமல் கேட்டிருந்தால் சந்தேகம்தான் மிஞ்சியிருக்கும்.

மார்ச் 21

வங்கிக்குப் போனோம். தவணை இன்னும் ஒன்றுகூடத் தவறவில்லை. தவறுவதற்கு முன்பே போய்ச் சொல்பவரிடம் பேசுகிற தொனியே வேறு. மூன்று மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும் என்றார்கள். காகிதக்காரர் தன் பாக்கியை இரண்டாகப் பிரித்து வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்.

மார்ச் 27

94 நாள் பாக்கி இன்று வந்துவிட்டது. அக்கா தானே ரப்பரை எடுத்து ஒன்பதாவது கட்டத்தை அழித்துப் புதிய மீதியை எழுதினாள். சின்ன எண்தான், ஆனால் பூஜ்யத்துக்கு மேலே. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் போனதும் பென்சிலைப் பதினோராவது வாரத்துக்கு நகர்த்தினாள். "இங்க மெலிஞ்சு கிடக்கே தம்பி, இதுக்கு என்ன பண்ணலாம்?" நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தோம்.