பிடியரிசியும் பதினொரு அட்டைகளும்

எடின்பரோவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் எங்கள் வீட்டு மணியை அடித்தது பார்சல்காரர்கள் மட்டும்தான். அதனால் ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு மணி அடித்தபோது நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "ஏதாவது ஆர்டர் போட்டீங்களா?" "இல்லையே." திறந்தால், கோட்டும் டையுமாக ஒரு பெரியவர். நனைந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். "நான்தான் உங்கள் எல்டர்" என்றார். எல்டர் என்றால் சபை மூப்பர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் சபை மூப்பர் ஒருவர் வாசலில் வந்து நின்றால் இரண்டே காரணம்தான். ஒன்று, சபைத் தேர்தலில் ஓட்டு. இன்னொன்று, சங்கக் காணிக்கை பாக்கி. பாக்கி எவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

அவர் நீட்டியது ஒரு சின்ன அட்டை. அடுத்த ஞாயிறு திருவிருந்து, வாருங்கள் என்று எங்கள் பெயர் எழுதியிருந்தது. திருவிருந்து என்றால் சபையார் கூடி அப்பமும் திராட்சரசமும் பங்கிடும் ஆராதனை. ஸ்காட்லாந்து திருச்சபையில் இது பழைய வழக்கம். சபையின் குடும்பங்களை எல்டர்கள் பங்கிட்டுக்கொண்டு, திருவிருந்துக்கு முன்னால் வீடு வீடாக அட்டை கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தபாலில் போட்டால் முடிகிற வேலை. ஆனால் பெரியவர் இருபது நிமிஷம் உட்கார்ந்தார். ஹீட்டர் சரியாக வேலை செய்கிறதா, பையனுக்குப் பள்ளியில் கூட்டாளி கிடைத்தானா, ஊரில் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். மனைவி முறுக்கு வைத்தாள். பல்லுக்குப் பயந்தோ என்னவோ, ஒன்றைக் கைக்குட்டையில் பத்திரமாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது இரண்டே வரியில் ஒரு ஜெபம்.

கதவைச் சாத்திவிட்டு மனைவி சொன்னாள்: "நம்ம உபதேசியார் மாதிரியே இல்ல?" ஊர்க் கோயிலைக் கவனித்துக்கொண்ட சபை ஊழியரைச் சொன்னாள்.

அவ்வளவுதான். அன்று ராத்திரி தூக்கம் போயிற்று.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம். செம்மண் தேரி, பனை, எங்கே நின்று பார்த்தாலும் தெரிகிற 192 அடி வேதக்கோயில் கோபுரம். உலையில் அரிசி போடும்போதெல்லாம் அம்மா ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். அது கர்த்தருடைய பங்கு. சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் சைக்கிள் கேரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு பிடியரிசி வாங்க வருவார். முன்வாசலுக்கு வரமாட்டார். சுற்றிக்கொண்டு அடுக்களைப் பக்கம்தான் வருவார். எந்த வீட்டிலும் கருப்பட்டிக் காப்பியை வேண்டாம் என்று சொன்னதில்லை. சனிக்கிழமை ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார் என்று ஊரில் சொல்வார்கள். அல்சர்.

நான்தான் நோட்டு பிடிக்கிற பையன். பனை ஏறாத மழை மாசம் ஒன்றில், கடைசித் தெருவில் ஒரு வீட்டுக் கலயம் காலி. அடுப்பில் சாம்பல்கூடச் சூடில்லை. உபதேசியார் ஒன்றும் கேட்கவில்லை. சாக்கைச் சாய்த்து அந்தக் கலயத்தை நிரப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த வீட்டுக்கு ஒரு படின்னு எழுதுல" என்றார். பொய்க்கணக்கு எழுதுகிறார் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "வாய மூடு" என்று தலையில் ஒரு குட்டு விழுந்தது.

சரி, எடின்பரோவுக்கு வருகிறேன்.

அடுத்த வருஷம் பெரியவருக்கு முழங்கால் போய்விட்டது. அவர் பங்கை நான் எடுத்துக்கொள்ள முடியுமா என்று போதகர் கேட்டார். போதகர் ஒரு பெண். ஆராதனை முடிந்ததும் காப்பிக் கோப்பை கழுவுவார். சின்னப் பிள்ளைகள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடும். எனக்கு இன்னும் வாய் வரவில்லை, 'அம்மா' என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் இந்தப் பதவிக்கு இரண்டு அணி, நோட்டீஸ், சில சமயம் கோயில் வாசலில் போலீஸ் ஜீப். இங்கே கெஞ்சிக் கேட்டாலும் ஆள் கிடைப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்தபோதுகூட இவ்வளவு படிவம் நிரப்பவில்லை, பின்னணிச் சோதனைகூட உண்டு. சிரித்துக்கொண்டே நிரப்பினேன். ஆனால் தனியாக இருக்கிற கிழவிகள் வீட்டுக்குள் போகிறவன் யார் என்று விசாரிப்பது நியாயம்தானே.

என்னை எல்டராக ஏற்படுத்திய அன்று பைபிளில் பேதுருவின் முதலாம் நிருபத்திலிருந்து வாசித்தார்கள். ஆங்கிலம் ஒரு காதில் போக, தமிழ் தானாக உள்ளே ஓடியது: "கட்டாயமாய் அல்ல, மனப்பூர்வமாயும், அவலட்சணமான ஆதாயத்திற்காக அல்ல, உற்சாக மனதோடும்..." அவலட்சணமான ஆதாயம்! ஊரில் அந்த வசனத்தைத் தேர்தல் நேரத்தில் எதிரணியைப் பார்த்து வாசிப்பார்கள்.

வேலைக்குப் போகிற பஸ் மவுண்ட் மேட்டைத் தாண்டித்தான் போகும். அங்கே ஸ்காட்லாந்து சபைச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸ் சிலை நிற்கிற முற்றத்தைத் தாண்டினால் திருச்சபையின் பேரவை மண்டபம். 1910 ஜூனில் உலக மிஷனரி மாநாடு கூடிய இடம். அதில் எழுந்து பேசியவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர், வே. ச. அசரியா. அப்போது வயது 35. இரண்டு வருஷம் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக தோர்ணக்கல்லுக்குப் போனவர். மிஷனரிகளை நேருக்கு நேர் பார்த்து அவர் சொன்னதன் சாரம் இது: ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள். அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அந்தப் பேச்சு சிலருக்குக் கசந்தது. பஸ் அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம், சைக்கிள் மிதித்தால் போய்விடுகிற ஊரிலிருந்து ஒருவர் இத்தனை தூரம் வந்து இதைக் கேட்டிருக்கிறாரே என்று தோன்றும். எனக்குக் கோட்டுப் பையில் பதினொரு அட்டை இருக்கும், எந்தக் கதவும் திறக்காது.

கதவு என்றா சொன்னேன்? முதலில் அந்தப் பொத்தான்கள். இங்கே பழைய கல் கட்டடங்களில் தெருக்கதவில் ஆறேழு பொத்தான் இருக்கும். அமுக்கிவிட்டு இரும்புச் சல்லடையைப் பார்த்துப் பேச வேண்டும். "சர்ச்சிலிருந்து வருகிறேன்" என்றால், "எங்களுக்கு வேண்டாம், நன்றி", டொக். ஒரு வீட்டில் என்னை யெகோவா சாட்சிக்காரன் என்று நினைத்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் பிரியாணி கொண்டுவந்தவன் என்று நினைத்துச் சந்தோஷமாகத் திறந்தார்கள். முகம் வாடியதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. முன்கூட்டிப் போன் செய்துவிட்டுப் போங்கள் என்றார் பெரியவர். போன் செய்துவிட்டுப் போனால் அடுக்களைக் கதவு சாத்தியிருக்குமே ஐயா என்று எப்படி ஆங்கிலத்தில் சொல்வது?

மேல்மாடியில் தனியாக இருக்கும் ஒரு அம்மாள் மூன்று தடவையும் திறக்கவில்லை. நான்காம் தடவை சல்லடையிலிருந்து குரல் வந்தது: "உனக்கு பல்பு மாட்டத் தெரியுமா?"

நூறு வருஷக் காலடியில் நடுவே குழிந்துபோன படிகள். ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. இவர் எப்படிக் கடைக்குப் போய்வருகிறார்? பல்பு அடுக்களையில். ஸ்டூலில் ஏறி நிற்கும்போது கண் தானாகச் சுற்றியது. கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு கோப்பை, ஒரு தட்டு. தக்காளி சூப் டின்கள் நான்கு. அடுப்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. விளக்கு எரிந்தது. அட்டையைக் கொடுத்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் ஊரில் கேட்பதையே ஆங்கிலத்தில் கேட்டேன்: "சாப்பிட்டீர்களா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாவம், பசிக்கிறதா?" என்று சொல்லிக்கொண்டே ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவ ஆரம்பித்துவிட்டார். இல்லை இல்லை என்று நான் சொன்னதை மரியாதைக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். சீஸ் வைத்து இரண்டு சாண்ட்விச். இருக்கிற ஒரே தட்டில் எனக்கு, ஒரு பேப்பர் துண்டில் அவருக்கு. எதிரே உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார்.

நான் வீட்டில் சோறும் சாளைமீன் குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். பையில் இன்னும் ஐந்து அட்டை பாக்கி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போதுதான், உபதேசியாருக்கு அல்சர் எப்படி வந்தது என்று பிடிபட்டது.