பாதிப் பக்கம் ஊதா: செங்கோட்டையில் ஒரு பழைய கம்ப்யூட்டரோடு ஐந்து மாதம்

ஜூன் 8, 2025, ஞாயிறு

புனலூரில் ஒரு ஆபீஸ் கழித்துக் கட்டிய டெஸ்க்டாப். மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம் (மெமரி) குச்சி இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 4,500 ரூபாய். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கழுதுருட்டிப் பதிமூணு கண் பாலம் வந்ததும் பெட்டியில் எல்லாரும் ஜன்னல் பக்கம் போனை நீட்ட, நான் மட்டும் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். எதிர் சீட்டுப் பாட்டி, "உள்ள என்னய்யா, கோழியா?" என்று கேட்டாள். கோழியாக இருந்திருந்தால் அந்த ஞாயிறோடு கணக்கு முடிந்திருக்கும்.

இதற்கு நான் வைத்திருந்த வேலை ஒன்றுதான். அப்பா விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் இருக்கும் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைப்பது. 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் ஊர் திருவாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதனால் தாத்தா காலத்துக் காகிதம் பாதி மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். 1112 என்று போட்டிருந்தால் 1936 அல்லது 37. மொத்தம் 312 பக்கம். அதோடு, விண்டோஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி என்ற மூன்று ஓஎஸ்ஸையும் (மெஷினை ஓட்டும் அடிப்படை சாஃப்ட்வேர்) ஒரே மெஷினில், ஒரே வேலைக்குப் போட்டு எது எத்தனை முறை விழுகிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பழைய 120 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒதுக்கினேன்.

ஜூன் 28

விண்டோஸ் 10, மூன்று வாரம். இந்தக் கணக்கில் முதல் வாரமே ஒரு தப்பு செய்தேன். விண்டோஸ் தனக்கு நடந்ததைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று 14 வரிகள் இருந்ததைப் பார்த்து, 14 தடவை விழுந்துவிட்டது என்று எழுதிவிட்டேன். பிறகுதான் உள்ளே திறந்து பார்த்தேன். மெஷின் ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை என்றால், காரணம் எதுவானாலும் இந்த 41 விழும். நீலத்திரை (விண்டோஸ் ஓட முடியாமல் நிற்கும்போது காட்டுவது) வந்து விழுந்திருந்தால் 'பக்செக்' என்ற இடத்தில் ஒரு எண் இருக்கும். கரண்ட் போய் விழுந்திருந்தால் அங்கே பூஜ்யம். அப்படிப் பிரித்ததில் எட்டு பூஜ்யம்.

ஆனி மாதம் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்காவது ஒரு தென்னமட்டை கம்பியில் உரசும், கரண்ட் ஒரு தடவை கண்ணடிக்கும், அவ்வளவுதான். டியூப்லைட் தாங்கிக்கொள்ளும், கம்ப்யூட்டர் தாங்காது. அந்த எட்டை விண்டோஸ் தலையில் கட்டுவது பாவம். மறுநாளே வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டேன்.

மிச்சம் ஆறும் அசல் நீலத்திரை. சோகமூஞ்சி, கியூஆர் கட்டம் எல்லாம் சேர்த்து. பெயர்கள்: மெமரி மேனேஜ்மென்ட், ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா... ஒரு நாள் வந்தது மறுநாள் வரவில்லை. ஒரே பெயர், ஒரே டிரைவர் (ஹார்டுவேரை ஓட்டும் துணை சாஃப்ட்வேர்) ஃபைல் என்று திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரைப் பிடித்து உலுக்கலாம். தினம் ஒரு பெயர் வந்தால் அடியில் ஹார்டுவேரைப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் நோட்டில் "விண்டோஸ்: 6" என்று எழுதி மூடினேன். எனக்குப் பிடித்த பதில் வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு நோண்டுவது!

ஜூலை 19

லினக்ஸில் ஒரு வகையான டெபியன் 12 போட்டு இன்றோடு 20 நாள். ஒரு தடவைகூட விழவில்லை. போன வருஷம் இதே தேதியில்தான் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களைப் படுக்கவைத்தது. நம்மூர் ஏர்போர்ட்டில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பாதுகாப்பு சாஃப்ட்வேர் ஓஎஸ்ஸின் மையமான கெர்னலுக்குள் உட்கார்ந்து ஓடுவது. அதற்குள் இருப்பவன் தடுக்கி விழுந்தால் வீட்டோடு விழும். இதையெல்லாம் மச்சானிடம் போனில் அரை மணி நேரம் விளக்கி, "லினக்ஸ் 20 நாள் ஓடிட்டிருக்கு மாப்ள" என்று முடித்தேன்.

நாள் கணக்கைப் பெருமையாகச் சொல்வதில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் மில்லி செகண்டை எண்ணும் 32 பிட் கவுன்டர் ஒன்று 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அப்போது மெஷின் உறைந்துபோகும் என்று ஒரு குறை இருந்தது. அத்தனை நாள் அணைக்காமல் அவற்றை ஓட்டியவர்கள் அபூர்வம் என்பதால் அது ரொம்ப நாள் வெளியே தெரியவே இல்லை.

நோட்டில் ஓரமாகக் கிறுக்கியிருந்த இரண்டு வரியையும் சொல்லிவிடுகிறேன். "ஜூலை 6: பிரவுசர் தானாக மூடியது. ஜூலை 13: ஸ்கேன் புரோகிராம், செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டு விழுவது)." ஓஎஸ் விழவில்லையே என்று இரண்டையும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆரியங்காவிலிருந்து தங்கச்சி குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் மகள் பத்தாவது, அங்கே கவர்ன்மென்ட் ஸ்கூல். கேரளத்தில் 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டம் 2017-ல் கைட் ஆனது. அங்கே பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். நம் பக்கம் 2011-ல் வந்த இலவச லேப்டாப்பிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். அவளுக்கு டெபியன் திரை புதுசே இல்லை. வந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அதனால் அவளை வாசிக்கச் சொல்லி நான் எழுதிக்கொண்டிருந்தேன். 41-ஆம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"மாமா, இந்தப் பக்கம் ஏன் பாதி ஊதாவா இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். மேல் பாதியில் பழுப்புக் காகிதம், முத்திரை, எழுத்து எல்லாம் சரி. நடுவில் ஒரு கோடு இழுத்த மாதிரி, அதற்குக் கீழே எல்லாம் கத்தரிப்பூ நிறம். எழுத்தும் ஒரு பக்கமாகத் தள்ளி நின்றது.

"இங்க் ஊறியிருக்கும்" என்றேன்.

"கோடு போட்டாப்லயா ஊறும்?"

டிரங்குப் பெட்டியைத் திறந்து அசலை எடுத்தோம். ஊதா ஒரு பொட்டுகூட இல்லை.

ஜேபெக் படம் கட்டம் கட்டமாக எழுதப்படுவது. ஒவ்வொரு கட்டத்தின் நிறத்தையும் முன் கட்டத்தைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்றுதான் குறித்துவைக்கும். நடுவில் ஒரே ஒரு பிட் (0 அல்லது 1) மாறிவிட்டால் அதற்குப் பின்னால் வரும் கணக்கு முழுக்கச் சாயும். மொய் நோட்டில் ஒரு வரியைத் தப்பாகக் கூட்டினால் கடைசிவரை மொத்தம் தப்பாகவே வருமே, அதுபோல. ஆக, எங்கோ ஒரு பிட் புரண்டிருக்கிறது. ஓஎஸ் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 22

இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு. முதலில் ஷா-256 போட்டேன். எவ்வளவு பெரிய ஃபைலையும் அரைத்து 64 எழுத்தாக்கித் தரும் கணக்கு அது. ஒரு பிட் வேறானாலும் கிட்டத்தட்ட எல்லா எழுத்தும் வேறாகிவிடும். ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதையும், வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்த காப்பியையும் ஒப்பிட்டதில் ஒன்பது ஃபைல் பொருந்தவில்லை. காப்பி அடிக்கும்போதே கெட்டவை இவை. 41-ஆம் பக்கமோ இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றாகவே இருந்தது! ஸ்கேன் ஆகும்போதே கெட்டு, கெட்டதே ஒழுங்காகக் காப்பி ஆகியிருக்கிறது. இப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடிக்கக் கண்ணைத் தவிர வழியில்லை. நானும் தங்கச்சி மகளும் மாறிமாறி 312-ஐயும் பார்த்ததில் 41-ஐயும் சேர்த்து நான்கு சிக்கின.

அடுத்து மெம்டெஸ்ட்86+. பென் டிரைவிலிருந்து பூட் செய்து, ஓஎஸ்ஸே இல்லாமல் மெமரியை மட்டும் எழுதிப் படித்துச் சோதிப்பது. முதல் சுற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது, சுத்தமாக முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்பேன். இரண்டாவது சுற்றில், குச்சி சூடான பிறகு, ஒரு சிவப்பு வரி. எல்லாம் 1 ஆக இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பிட் 0. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரி, அதே பிட்.

இரண்டு குச்சியும் ஜோடியாக ஓடும்போது முகவரி மாறிமாறி இரண்டிலும் விழும் என்பதால், எந்தக் குச்சி என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டு விடிய விடிய ஓட்டியதில், இரண்டாவதாகப் போட்டதுதான் களவாணி.

ஆக, அந்த ஆறு நீலத்திரைக்கும் இந்த ஊதாப் பக்கத்துக்கும் மூலம் ஒன்றுதான். நான் புரிந்துகொண்டது இது: கெட்ட இடம் ஒன்று, அங்கே யார் எதைக் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். விண்டோஸ் அங்கே ஏதோ தன் சொந்தச் சாமானை வைத்திருக்க வேண்டும், அது கெட்டதும் "இதற்கு மேல் ஓட மாட்டேன்" என்று நின்றுவிட்டது. லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியை எல்லாம் ஃபைல் கேஷுக்கு (ஃபைல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) எடுத்துக்கொள்ளும். என் பத்திரங்கள் அந்த வழியாகப் போய்வந்தன, போகிற போக்கில் கறைபட்டன. விண்டோஸும் அப்படிக் கேஷ் செய்வதுதான், என் நேரத்துக்கு இப்படி விழுந்தது. மச்சானிடம் நான் புகழ்ந்த அந்த 20 நாளும் மெஷின் நிமிர்ந்து நின்றபடியே கள்ளக் கணக்கு எழுதியிருக்கிறது. கீழே விழுந்து அடம்பிடித்த விண்டோஸ்தான் அந்த மாதம் உண்மையைச் சொன்னது.

ஒரு சின்ன ஆறுதல். லினக்ஸை உண்டாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மெஷினிலேயே 2022-ல் ஒரு ராம் குச்சி கெட்டுப்போய், முதலில் அவர் புதுக் கோடைத்தான் சந்தேகப்பட்டாராம். பிழை திருத்தும் ஈசிசி ராம் எல்லாருக்கும் வேண்டும் என்று அவர் அதற்கு முன்பிருந்தே கத்திக்கொண்டிருந்தவர்.

ஜூலை 26

தென்காசியில் பழைய சாமான் விற்கும் அண்ணாச்சியிடம் குச்சியைக் காட்டினேன். "தம்பி, ரப்பர் வச்சுத் தேச்சுப் பாத்தியளா?" என்றார். பென்சில் அழிக்கும் ரப்பரால் தங்க நிறப் பற்களைத் தேய்ப்பது நம் நாட்டு வைத்தியம். மெஷினே ஆன் ஆகாமல் கீச்சிடும்போது பாதிக்குப் பாதி அது வேலை செய்யும். இது உள்ளே சில்லில் கெட்டது, தேய்த்தாலும் அதே இடம் அதே பிட். அவரிடமே ஒரு பழைய 4 ஜிபி வாங்கினேன், 450 ரூபாய். கெட்ட இடத்தை மட்டும் வேலி போட்டு ஒதுக்கும் வழி லினக்ஸிலும் உண்டு, விண்டோஸிலும் உண்டு. இரண்டையும் ஆசைக்குச் செய்து பார்த்தேன், வேலை செய்தது. ஆனால் ஒரு பல் ஆடினால் பக்கத்துப் பல்லையும் நம்ப முடியாது. புதுக் குச்சியை இரண்டு ராத்திரி மெம்டெஸ்டில் வறுத்தெடுத்த பிறகே உள்ளே விட்டேன்.

ஆகஸ்ட், செப்டம்பர்

பழைய கணக்கை அடித்துவிட்டு முதலிலிருந்து. விண்டோஸ் நான்கு வாரம்: ஒரு நீலத்திரை. ஸ்கேனரோடு வந்த பழைய டிரைவர்தான், பெயரோடு பிடிபட்டது. அதை எடுத்துவிட்டு விண்டோஸ் தானாகப் போட்டதை வைத்ததும் அடங்கியது. டெபியன்: விழவில்லை. நாற்பது டிஃப் படங்களை ஒரே சமயத்தில் படம் திருத்தும் ஜிம்ப்பில் திறந்து மெமரியை நிரப்பியபோது மட்டும் மவுஸ்கூட நகராமல் சில நிமிஷம் உறைந்து, கடைசியில் கெர்னலே ஜிம்ப்பைக் கொன்று எழுந்து வந்தது. ஃப்ரீபிஎஸ்டி இரண்டு வாரம்: ஒன்றும் நடக்கவில்லை. என் வைஃபை டாங்கிளே அதில் ஓடவில்லை, பிறகு எது விழும்!

அதைவிட ருசியானது பிளக்கைப் பிடுங்கும் சோதனை. யுபிஎஸ்ஸை விலக்கி, ஃபைல்கள் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைப்பது, ஒவ்வொன்றுக்கும் பத்துத் தடவை. வீட்டம்மா, "ஏங்க, கரண்ட்தான் தானா போகுதே, நீங்க வேற எதுக்கு அணைக்கிய?" என்றாள். நியாயமான கேள்வி.

மூன்றுமே பத்துக்குப் பத்து எழுந்துவந்தன. வித்தியாசம் அந்தக் கடைசிச் சில நொடிகளில் எழுதப்பட்ட ஃபைல்களில். ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் இரண்டு ஃபைல் சரியான அளவில், சரியான பெயரில், உள்ளே வெறும் பூஜ்யங்களோடு இருந்தன. டெபியனின் எக்ஸ்ட்4-இல் மூன்று ஃபைல்கள் பூஜ்ய அளவில். இரண்டும் அடைவுக் கணக்கை (எந்த ஃபைல் எங்கே என்பதை) ஜர்னல் என்ற குறிப்பேட்டில் காக்கும், உள்ளே இருக்கும் சரக்குக்கு அப்படி உத்தரவாதம் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியின் இசட்எஃப்எஸ்ஸில் சில ஃபைல்கள் காணவே இல்லை, இருந்தவை எல்லாம் முழுசு. பழையதை அழிக்காமல் புது இடத்தில் எழுதி முடித்து, கடைசியில்தான் அது கைகாட்டியை மாற்றும். ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைப்பதால், கேட்டால் "இந்த ஃபைல் கெட்டிருக்கிறது" என்று பெயர் சொல்லிக் காட்டும். கெட்ட ராமிலேயே கெட்டு வருவதை இதுவும் பிடிக்காது, அதை மறக்கக் கூடாது. ஆனாலும் பத்திர டிஸ்க்கை மட்டும் அதற்கு மாற்றிவிட்டேன், டெபியனில் இருந்தபடியே.

அக்டோபர் 19

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 14-ஆம் தேதியோடு முடிந்தது. அந்த எஸ்எஸ்டியைக் கழற்றி டப்பாவில் போட்டாயிற்று. அது விழும் என்பதற்காக இல்லை, இந்த மெஷின் விண்டோஸ் 11 ஏற்காது என்பதற்காக.

கெட்ட 13 பக்கத்தில் 11-ஐ மறுபடி ஸ்கேன் செய்துவிட்டேன். 41-உம் பழுப்பாகவே வந்தது. மிச்சம் இரண்டும் சித்தப்பா கொடுத்த கட்டுக்குள் இருந்தவை. "ஒரு வாரத்துல திருப்பித் தந்துரணும்" என்று சொல்லிக் கொடுத்து, ஏழாம் நாள் காலையிலேயே வந்து எண்ணி வாங்கிக்கொண்டு போனவர். ஒரு பிட் புரண்டுவிட்டது, மறுபடி தாருங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு புளியரைக்கு ஒரு தார் நேந்திரன் வாங்கிக்கொண்டு போகிறேன்.