குதிரையில் ஏறும் முன் இடுப்பு எக்ஸ்ரே

விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே பிள்ளைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளையைக் குதிரையேற்றப் பயிற்சியில் சேர்க்க நினைக்கிற பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் அது தெரியாமல் எங்களுக்கு ஒரு டெர்ம் முழுக்கப் போனது.

என் மகளுக்கு ஒன்பது வயது, பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் தசைகள் சரியாகக் கட்டுக்குள் வராத நிலை. இரண்டு கால்களிலும் இறுக்கம், வாக்கர் பிடித்துத்தான் நடப்பாள். சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோருக்கான குதிரையேற்றச் சங்கம் 1982இலிருந்து இந்தப் பயிற்சியை நடத்துகிறது, கட்டணம் கிடையாது. ஆனால் மருத்துவர் எழுதித் தரவேண்டும். நாங்கள் போன கிளினிக்கில் இடுப்பு மூட்டு பற்றிய கேள்வியை அப்படியே காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், படிவம் திரும்பி வந்தது. எனக்கு அன்றைக்குக் கோபம்தான். அப்புறம் எலும்பு மருத்துவர் விளக்கினார்: இந்தப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகுவது அடிக்கடி நடக்கும், ரொம்ப விலகியிருந்தால் காலை அகட்டி உட்காரவைப்பதே ஆபத்து. டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பைப் பார்ப்பார்கள், வலிப்பு அடங்காத பிள்ளைகளை ஏற்றவே மாட்டார்கள். கேட்டபிறகு கோபம் போய்விட்டது.

வீட்டில் மாமியாருக்குத்தான் ஒப்பவில்லை. "நடக்கவே முடியாத பிள்ளைய குதிரையில ஏத்தப் போறியாம்மா?" என்றார். டென்மார்க்கில் லிஸ் ஹார்ட்டல் என்று ஒருவர், 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தும், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வாங்கினார், குதிரையில் ஏற இறங்க அவருக்கும் ஆள் பிடிக்கவேண்டும் அத்தை என்று சொன்னேன். "அவங்க பெரிய மனுஷி, இது குழந்தை" என்றார். அந்தப் பயம் நியாயமானதுதான், அதனால் முதல் நாள் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஹெல்மெட்டுக்குத் தனியாகப் பாடுபட்டோம். தலையில் எதைப் போட்டாலும் பிடுங்கி எறிவாள். சைக்கிள் ஹெல்மெட் ஒன்று வாங்கி, டிவி பார்க்கும்போது முதலில் ஒரு நிமிடம், பிறகு இரண்டு என்று மூன்று வாரம் பழக்கினோம்.

முதல் வகுப்பில் அவள் ஏறவில்லை. சாய்தளத்தில் நிறுத்தியதும் உடம்பு விறைத்து, கால்கள் கத்தரிபோலப் பின்னிக்கொண்டன. பயிற்சியாளர் வற்புறுத்தவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த வாரம் ஏறினாள். முன்னால் ஒருவர் குதிரையை நடத்த, இரண்டு பக்கமும் தொண்டூழியர்கள் அவள் தொடைமேல் கைவைத்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். குதிரை நடக்கும்போது உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், லேசாகத் திரும்பியும் அசைகிறது. மனிதர் நடக்கும்போது அசைவதும் கிட்டத்தட்ட இப்படித்தானாம். தானாக நடந்தே அறியாத பிள்ளையின் இடுப்புக்கு அந்த அசைவு ஒவ்வொரு அடியிலும் கிடைக்கிறது, விழாமல் இருக்க முதுகும் வயிறும் வேலை செய்தே ஆகவேண்டும். போதாததற்குக் குதிரையின் உடம்புச் சூடு வேறு. இறக்கியபோது தொடையைப் பிடித்துப் பார்த்தேன், காலையில் இருந்த இறுக்கம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தத் தளர்ச்சி சாயங்காலம் வரைதான், மறுநாள் கால்கள் பழையபடி இறுகிவிடும். வாக்கரும் விடவில்லை, பிசியோதெரபியையும் நாங்கள் நிறுத்தவில்லை. மாறியது உட்காரும் விதம். முன்பெல்லாம் சாப்பாட்டு மேசையில் இடது கையை ஊன்றிக்கொண்டுதான் உட்காருவாள். ஆறேழு மாதத்தில் அந்தக் கை மெல்ல விடுபட்டது, இப்போது தட்டை ஒரு கையால் பிடித்து மறு கையால் தானே சாப்பிடுகிறாள். அதை முதலில் கவனித்துச் சொன்னது மாமியார்தான்.

அடுத்த மாதம் மறுபடியும் இடுப்பு எக்ஸ்ரே. விலகல் கூடியிருந்தால் நிறுத்தவேண்டி வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். இவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.