பெயருக்கு மேலே எழுதிய பொடி எழுத்து: மிடில்செக்ஸ் நீதிமன்றச் சுருள்களைப் படித்துப் பார்த்த அனுபவம்

மூன்று மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் கவுண்டியின் பழைய நீதிமன்ற ஆவணங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். லண்டனை ஒட்டியிருந்த அந்தக் கவுண்டியின் சமாதான நீதிபதிகள் நடத்திய அமர்வுகளின் தோல்தாள் சுருள்கள் 1549 முதல் எஞ்சியிருக்கின்றன. அசலைக் காணும் வாய்ப்பு எனக்கில்லை; அச்சில் வந்த பெயர்ப்பையும் சில படங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு படிக்கிறேன்.

முதல் மாதம் தேதிகளிலேயே கழிந்தது. "எலிசபெத்தின் 40ஆம் ஆண்டு, டிசம்பர்" என்றிருந்ததை, அரசி பட்டமேறிய 1558உடன் 40ஐக் கூட்டி 1598 என்று குறித்துவந்தேன். ஆட்சியாண்டு நவம்பர் 17இல் பிறப்பதால் அது 1597 டிசம்பர் என்று தெரிந்தபின், நோட்டில் பாதிப் பக்கங்களைத் திருத்தினேன்.

லத்தீன் நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை, ஏனெனில் குற்றப்பத்திரிகைகள் எல்லாம் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. உண்மையான கடினம், குற்றம் சாட்டப்பட்டவரின் பெயருக்கு மேலே எழுத்தர் பொடி எழுத்தில் சேர்த்த குறிப்புகளில் இருக்கிறது. "போ சே" என்றால் குற்றத்தை மறுத்து, நாட்டார் தீர்ப்புக்குத் தன்னை ஒப்படைக்கிறான் என்று பொருள். நாட்டார் என்பது இங்கே ஜூரி. "குல்" என்றால் குற்றவாளி. "கா நுல்" என்றால் உடைமை ஏதும் இல்லை. பெருங்குற்றவாளியின் உடைமை அரசுக்குச் சேரும் என்பதால் அதையும் கேட்டுப் பதிந்தார்கள். "சுஸ்" என்றால் தூக்கிலிடுக. இந்த நான்கும் ஒரு பெயரின்மேல் வரிசையாக நிற்பதை முதன்முதலாக நானே படித்தறிந்த அன்று, அடுத்த பதிவுக்குப் போக மனம் வரவில்லை.

நாடகாசிரியர் பென் ஜான்சனின் குற்றப்பத்திரிகையும் இவற்றில் உண்டு. 1598 செப்டம்பர் 22 அன்று, மூன்று ஷில்லிங் பெறுமான வாளால் நடிகர் கேப்ரியல் ஸ்பென்சரின் வலது விலாவில் ஆறு அங்குல ஆழத்துக்குக் குத்திக் கொன்றார் என்கிறது அது. மேலே உள்ள குறிப்பு இவ்வளவுதான்: குற்றத்தை ஒப்புக்கொண்டார், நூலைக் கேட்டார், குருவானவரைப் போல வாசித்தார், T என்ற எழுத்தால் சூடு போடப்பட்டார், விடுவிக்கப்பட்டார். வாசித்துக் காட்டித் தூக்கிலிருந்து தப்ப, சட்டம் ஒருவருக்கு ஒரே ஒருமுறை அளித்த சலுகை இது; சலுகை 1827 வரை நீடித்தது. அன்று எழுத்தறியாதவருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது என்பதுதான் என்னை இன்னமும் வருத்துகிறது.

இப்போது திருட்டு வழக்குகளில் இருக்கிறேன். திருடிய பொருளின் மதிப்பு 12 பென்ஸைத் தாண்டினால் அது மரண தண்டனைக்குரிய குற்றம். ஆகவே பொருள் அதைவிட அதிகம் பெறும் என்று தெரிந்தும், பத்துப் பென்ஸ் அளவுக்கே குற்றவாளி என்று ஜூரி சொல்லிவிடுவதுண்டு. குற்றப்பத்திரிகை சொல்லும் விலையை இடப்பக்கமும் ஜூரி சொன்ன விலையை வலப்பக்கமும் எழுதிக்கொண்டு வருகிறேன்; நோட்டில் இப்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான்.