தோலுக்கடியில் ஒரு வளையம்

மார்ச் 4
நேற்றைவிட வீக்கம் அதிகம். புறங்கை முழுக்க ஒரே மேடு. அழகுக்காகத் தோலுக்கடியில் வைத்துக்கொண்ட சிலிக்கோன் வளையம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

மார்ச் 5
தூக்கமில்லை.

மார்ச் 9
வடிவம் தெரிய ஆரம்பித்துவிட்டது! பக்கவாட்டு வெளிச்சத்தில் கையைத் திருப்பினால் வளையத்தின் நிழல் தோல்மேல் விழுகிறது. பச்சை குத்தினால் வெறும் படம்தான். இது பிறக்கும்போதே இருந்த எலும்பு மாதிரி. இதற்குத்தானே ஆசைப்பட்டேன். அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, "அழகாத்தான்டி இருக்கு, அதான் பயமா இருக்கு" என்றாள்.

மார்ச் 10
சுண்டுவிரல் ஓரம் மரத்திருக்கிறது. நரம்பா, வீக்கமா?

மார்ச் 13
ராத்திரி முழுக்கப் படித்தேன். சிலிக்கோனை உடம்பு கரைக்காது, தன்னோடு சேர்த்துக்கொள்ளவும் செய்யாது. சுற்றிலும் நார்த்திசுவால் உறை கட்டி ஒதுக்கிவைக்கும். உறை நன்றாக அமைந்தால் வளையம் அசையாது. இல்லையென்றால் நகரும், அல்லது மேல்தோலை உள்ளிருந்து மெலியவைத்துப் பிய்த்துக்கொண்டு வரும். அமெரிக்க உடல்மாற்றக் கலைஞர் ஸ்டீவ் ஹாவொர்த் 1990-களில் இந்தக் கலையைப் பரப்பினார். இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள் அல்லர், அதனால் பல நாடுகளில் மரத்துப்போகும் ஊசி போட அவர்களுக்கு அனுமதி கிடையாது. எனக்கு வளையம் வைத்தவரும் போடவில்லை. தட்டையான கருவியை உள்ளே விட்டுத் தோலைப் பிரித்தாரே, அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

மார்ச் 14
கட்டைவிரல் பக்க ஓரம் பளபளக்கிறது. அங்கே மட்டும்.

மார்ச் 16
சிவப்பில்லை, சூடில்லை, சீழில்லை. பளபளப்பு மட்டும். தொடாதே என்றால் விரல் கேட்டால்தானே.

மார்ச் 19
டாக்டரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பளபளப்பான இடத்தை அழுத்திவிட்டு, வெளுத்த தோலுக்கு நிறம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். மெதுவாகத்தான் திரும்பியது. ஊதாவானால் அங்கே ரத்தம் போகவில்லை என்று அர்த்தம், உடனே வரவேண்டுமாம். தோல் கிழிவதற்கு முன் எடுத்தால் தழும்பு சின்னதாக இருக்கும். கிருமி பிடித்தால் மாத்திரை மட்டும் அநேகமாகப் போதாது. சிலிக்கோனுக்குள் ரத்த ஓட்டமில்லை, அதன்மேல் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொள்ளும். "எடுத்துடலாமா?" என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். பட்டென்று வந்துவிட்டது வாயில்.

மார்ச் 21
வரிசையில் நின்றபோது ஒரு சின்னப் பெண், "தொட்டுப் பார்க்கவா?" என்றாள். கையை நீட்டினேன். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! நாளெல்லாம் சந்தோஷம்.

மார்ச் 22
சுண்டுவிரலில் உணர்ச்சி திரும்பிவிட்டது. ஓரத்தைப் பற்றி இன்று எழுதமாட்டேன்.

மார்ச் 24
குளியலறை விளக்கில் ஊதா. அறை விளக்கில் பழுப்பு. அக்காவை எழுப்பிக் காட்டினேன், "கிளம்பு" என்கிறாள்.