நூறு கிராம் கல்லுல மிச்சம் எவ்ளோ

எஸ்தோனியாவுல ஒரு லேப்ல கொஞ்ச காலம் வேலை பாத்தேன். வேலை என்னன்னா ஆயில் ஷேல் கல்ல பொடி பண்ணி, சரியா 100 கிராம் எடை போட்டு, சின்ன அலுமினிய பாத்திரத்துல அடைச்சு, நிமிஷத்துக்கு 12 டிகிரி வீதம் 500 டிகிரி வரைக்கும் ஏத்தி, 40 நிமிஷம் அப்படியே வச்சு, எவ்ளோ எண்ணெய் வருதுன்னு அளக்கறது. ஃபிஷர் டெஸ்ட்டுன்னு சொல்லுவாங்க.

ஆயில் ஷேல்ங்கற பேர கேட்டா கல்லுக்குள்ள எண்ணெய் இருக்குன்னு தான தோணும், நானும் அப்படித்தான் நெனச்சுட்டுப் போனேன். உள்ள இருக்கறது எண்ணெயே இல்ல, கெரோஜன்னு ஒரு திடப்பொருள், பிழிஞ்சா வராது, சூடு பண்ணி உடைச்சா தான் எண்ணெய் ஆவியா வெளிய வரும், அத ஐஸ் தண்ணில வச்ச குடுவையில குளிர வச்சு பிடிக்கணும். ஒருநாள் ஐஸ் கரைஞ்சத கவனிக்காம விட்டுட்டேன், ஆவி தப்பிச்சு அளவு கம்மியா வந்து மொத்த வேலையும் திரும்ப செய்ய வேண்டியதாப்போச்சு, அன்னைக்கு தான் இந்த எண்ணெய கைல பிடிக்கறதுக்கே எவ்ளோ சூடும் எவ்ளோ குளிரும் செலவாகுதுன்னு உறைச்சுது.

அந்த ஊர் கல்லுக்கு குக்கர்சைட்னு பேரு, குக்ருசேங்கிற ஊர வச்சு வந்தது. பழுப்பு நிறம், துண்டுல தீ வச்சா பத்திக்கும், அதனால அவங்க மொழில எரியுற கல்லுனு தான் சொல்றாங்க. சுமார் 46 கோடி வருஷம் முன்னாடி கடல்ல வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் படிஞ்சு ஆன கல்லு, சில துண்டுல சிப்பி அச்சு அப்படியே இருக்கும், அத அரைக்கற மெஷின்ல போடறப்போ எனக்கு கை கொஞ்சம் தயங்கும். 1916ல தோண்ட ஆரம்பிச்சு நூறு வருஷத்துல 100 கோடி டன்னுக்கு மேல எடுத்துட்டாங்க, புதுப்பிக்க முடியாத எரிபொருள்னு ஸ்கூல்ல எழுதினப்போ ஒரு வரி தான், இங்க ஒவ்வொரு சாம்பிளுக்கும் திரும்பி வராத ஒண்ண அரைக்கறோம்னு தெரியுது.

ரிப்போர்ட்ல எல்லாரும் கேக்கறது எண்ணெய் எத்தனை சதவீதம்னு மட்டும் தான். நல்ல கல்லுனா 20 கிராம் பக்கத்துல வரும். ஆனா பாத்திரத்த திறந்தா கருப்பா 70 கிராமுக்கு மேல அப்படியே உக்காந்திருக்கும், அதையும் எடை போட்டு எழுதணும், அந்த கட்டத்த யாரும் படிச்சு நான் பாக்கல. போகப்போக நான் அத தான் முதல்ல பாத்தேன்.

அதே நாட்டுல நார்வாங்கற ஊர் பக்கம் இந்த கல்ல நேரடியா எரிச்சு கரண்ட் எடுக்கறாங்க, எரிச்சதுல கிட்டத்தட்ட பாதி சாம்பல். அத கொட்டின இடத்துல தேங்கற தண்ணி நீலமும் பச்சையும் கலந்து அவ்ளோ அழகா இருக்கும், ஆனா கல்லுல இருந்த சுண்ணாம்பு கரைஞ்சு கடுமையான காரத்தன்மை ஏறின தண்ணி அது, கை வைக்கக் கூடாது. 2035க்குள்ள இந்த கல்லுல கரண்ட் எடுக்கறத நிறுத்தறதா 2021ல அரசு சொன்னாங்க, என்கூட வேலை பாத்தவங்க பலருக்கு அப்பா தாத்தா எல்லாம் சுரங்கத்துல இருந்தவங்க, அந்த பேச்சு வந்தா சாப்பாட்டு மேசையே அமைதியாயிடும், எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியாது.

கிளம்பறதுக்கு முன்னாடி கிவியொலி போனேன், அந்த ஊர் பேருக்கே கல் எண்ணெய்னு தான் அர்த்தம். எண்ணெய் எடுத்த மிச்சத்த கொட்டிக் கொட்டி உண்டான மலைல இப்போ பனிச்சறுக்கு விடறாங்க. மேல ஏறி நின்னு, இதுல எத்தனை 70 கிராம் இருக்கும்னு கணக்கு போட ஆரம்பிச்சேன், பாதிலயே விட்டுட்டேன்.